காஸாவுக்குப் போன தலைத் தீபாவளி

எல்லா ஜவான்களும் நம் பிள்ளைகள்தான் என்று யாராவது மைக்கைப் பிடித்துச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவருடைய சொந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்க வாய் துறுதுறுக்கும். வயதாகிவிட்டது, இனிமேலாவது கோபத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். குறைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? அந்த வாக்கியத்தை நான் முதன்முதலாகக் கேட்டது அறுபதுகளில், மாட்டுங்காவில் ஒரு மாடி வீட்டுக் கூடத்தில், இடுப்பில் ஒரு தகர டின்னோடு நின்றபோது.

அப்போது நானும் அம்மாவும் தாராவியில் ஒரு கோலியில் குடியிருந்தோம். ஒற்றை அறை, அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. அப்பா தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்தை முடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு அம்மா விடிகாலையில் எழுந்து இட்லி அவித்து, அலுமினிய அண்டாவில் அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தடிக்குப் போய் விற்பாள். நான் வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைத்தேன். யாரிடமும் கை நீட்டாமல்தான் இருந்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். ராணுவத்தில் லாரி ஓட்டினார். வைகாசியில் ஊரில் வைத்துக் கல்யாணம் நடந்தது. லீவு முடிவதற்குள் காஸாவுக்குப் போக உத்தரவு வந்துவிட்டது. எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. எகிப்துக்காரர்களுக்கும் யூதர்களுக்கும் இடையில் சண்டை மூளாமல் காவல் நிற்கிற ஐ.நா. படையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், பாலைவனம், வேறொன்றும் பயமில்லை என்று அவர் விளக்கினார். கப்பல் பம்பாயிலிருந்துதான் கிளம்பியது. என்னை அம்மாவிடம் விட்டுவிட்டு ஏறிப் போனார். முகம் சரியாக மனதில் பதிவதற்குள் ஆள் போய்விட்டார் என்று அன்றைக்கு அழுதேன்.

அந்த வருஷம் எங்களுக்குத் தலைத் தீபாவளி. பெண் வீட்டார் மாப்பிள்ளையை அழைத்து, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, மூலையில் மஞ்சள் வைத்த கோடி வேட்டி கொடுக்க வேண்டிய தீபாவளி. அதில் அம்மாவுக்கு ஒரு வீம்பும் சேர்ந்திருந்தது. கல்யாணப் பந்தலிலேயே என் மாமியார், “ஆம்பளை இல்லாத வீடு. மருமவனுக்கு அங்க யாரு என்ன செய்யப் போறாவ” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லியிருந்தார். அம்மா அதை அன்றைக்கே மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கடல் தாண்டிப் போய்விட்டதால் தலைத் தீபாவளி இல்லை என்று ஆகிவிடாது, ஆள் வர முடியாவிட்டால் வேட்டி அவர் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்பது அவள் கட்சி.

எப்படிப் போகும்? பக்கத்துத் தபாலாபீஸில் விசாரித்தேன். அவருடைய ராணுவ விலாசத்துக்குக் கடிதம் போகும், பார்சல் என்றால் அந்த அனுமதி, இந்தச் சுங்கம் என்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இழுத்தார். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அந்தச் சமயத்தில்தான் நான் தைத்துக் கொடுக்கிற ஒரு டீச்சர் அம்மா செய்தி கொண்டு வந்தார். மாட்டுங்காவில் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து ஒரு மாதர் சங்கம் நடத்துகிறார்கள், வெளிநாட்டில் நிற்கிற நம் ஜவான்களுக்குத் தீபாவளிப் பொட்டலம் அனுப்பப் போகிறார்கள், தமிழ்க் குடும்பங்கள் பலகாரமும் துணியும் தரலாம், ராணுவமே வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொள்ளும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நிற்கிற அதே காஸாவுக்குத்தான் அந்தக் கப்பலும் போகிறது.

கப்பலில் நாள்கணக்காகக் கிடந்தாலும் கெடாத பலகாரம் வேண்டும். அம்மா யோசிக்கவே இல்லை, முந்திரிக்கொத்து என்று சொல்லிவிட்டாள். சிறுபயற்றை வறுத்துத் திரித்து, எள்ளும் சிவக்க வறுத்த தேங்காயும் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் மும்மூன்றாக முக்கிப் பொரித்தெடுப்பது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போனால் அதில் இது இல்லாமல் இருக்காது. பம்பாயில் நல்ல கருப்பட்டி கிடைப்பது லேசில்லை. ஊரிலிருந்து வந்தவர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கினாள். அன்றைக்கு இட்லி வியாபாரத்தை நிறுத்திவிட்டு அந்த அடுப்படியில் புகைக்குள் உட்கார்ந்து அவள் பொரித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கோலிக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். எங்கள் வரிசைக்கே மாப்பிள்ளை வரப்போகிற மாதிரி ஒரே அமளி.

வேட்டிக்கு மஞ்சள் வைக்கிற நேரம் வந்ததும் அம்மா எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். அடுத்த வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, “நீங்க வைங்க மைனி, மாப்பிள உடுத்தப்போற துணி. ஏங் கை வேண்டாம்” என்றாள்.

“வாங்கினது நீ, பொரிச்சது நீ. மஞ்ச வைக்க மட்டும் ஒனக்கு என்ன?” என்று கேட்டேன்.

“நீ சும்மா கெட ஏட்டி” என்றாள். கணவனோடு வாழ்கிற அத்தைதான் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்தாள். அம்மா தள்ளி நின்றே பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வேட்டியை மடித்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டினேன். நல்லெண்ணெய்க்கு ஒரு சின்ன டப்பா, சீயக்காய்த் தூள், ஒரு பிஸ்கட் டின் நிறைய முந்திரிக்கொத்து. எல்லாவற்றின் மேலும் அவர் பெயர், படை, நம்பர் எழுதி ஒட்டினேன். அவருக்கு இதை எழுதிப் போடட்டுமா என்று கேட்டபோது அம்மா தடுத்துவிட்டாள். “கைக்குப் போய்ச் சேரட்டும். சொல்லிட்டு வராமப் போச்சுன்னா மாப்பிளைக்கு மொகம் வாடிரும்” என்றாள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

இப்படித்தான் அந்த மாட்டுங்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து சோப்பு, பிளேடு, சீட்டுக்கட்டு என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தின் காரியதரிசி மாமிதான் வீட்டுக்காரி. சிரித்த முகம். என்னை விரட்டவில்லை, உள்ளேதான் கூப்பிட்டார்.

“ஏன் வாசல்லயே நிக்கறே? எங்கேர்ந்து வரே?”

“தாராவி, மாமி.”

“சரி, அந்த ஓரமா வச்சுடு” என்று கையைக் காட்டினார். கூடத்தில் குவிந்திருந்த சாமானோடு சேர்க்காமல், கதவுக்குப் பக்கத்தில் தனியாக ஓர் ஓரம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பெயர் ஒட்டியிருக்கிறேன், இது என் வீட்டுக்காரருக்கு, அவர் காஸாவில்தான் இருக்கிறார் என்றேன்.

“பேரெல்லாம் போடப்படாதும்மா. எல்லா ஜவானும் நம்ம பிள்ளைகள்தானே. யார் கைக்குப் போனா என்ன?”

யார் கைக்குப் போனால் என்னவா? தலைத் தீபாவளி வேட்டி யார் கைக்குப் போனால் என்ன என்று கேட்கிற தமிழச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமிக்கு என் வார்த்தை அப்போதுதான் காதுக்குள் போயிற்று போலிருக்கிறது.

“இரு, இரு. ஆத்துக்காரர் காஸாலயா இருக்கார்? நெஜம்மாவா?” என்று கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டேளா, இந்தப் பொண்ணோட ஆத்துக்காரர் அங்கேயே இருக்காராம்.”

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஜவான், ஜவான் என்று மாசக்கணக்கில் கூட்டம் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு ஜவானைத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு நாற்காலி வந்தது. ஒரு டம்ளரில் காபியும் வந்தது. பொட்டலங்களை வழியனுப்ப ஒரு விழா வைத்திருக்கிறோம், ஒரு மில் முதலாளி தலைமை தாங்குகிறார், நீ மேடைக்கு வந்து நின்றால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மாமி குழைந்தார். நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. மேடையில் நிற்கிறேன், ஆனால் இந்தப் பொட்டலம் பெயரோடு போக வேண்டும் என்றேன்.

“சரிம்மா, ஒனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணிடலாம். நீ கவலப்படாதே” என்றார் மாமி. அந்த வார்த்தையை நம்பி வெறுங்கையோடு திரும்பினேன்.

விழாவுக்கு வரும்போது சாதாரண நூல் புடவை கட்டிக்கொண்டு வா, பூ கீ எல்லாம் வேண்டாம், பார்க்கிறவர்கள் மனம் இளக வேண்டும் என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். என் புருஷன் உயிரோடு இருக்கிறார், உத்தியோகத்தில் இருக்கிறார், நான் எதற்கு மூளிபோலப் போய் நிற்க வேண்டும்? மாமிக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. போட்டோ எடுக்கிறவன் வேறு, “கொஞ்சம் சோகமா இருங்க” என்றான். அடுக்கி வைத்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, மில் முதலாளி இங்கிலீஷில் பேசினார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. ‘புவர் சிஸ்டர்’ என்று என்னைக் காட்டிச் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது. பிறகு மாமி தமிழில் பேசினார். எல்லா ஜவான்களும் நம் பிள்ளைகள்தான் என்றார். கைதட்டினார்கள். கடைசியில் எனக்கு ஒரு பை கொடுத்தார்கள். ‘ஜவான் குடும்பத்துக்கு அன்புடன்’ என்று அதன்மேல் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது.

வேண்டாம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பொட்டலம் போய்ச் சேரட்டும், அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் வைத்தேன். உள்ளே ஒரு நூல் புடவை. அதற்குக் கீழே எண்ணெய் ஊறின காகிதப் பொட்டலம். அம்மா பிரித்தாள். ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். பிட்டு வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள்.

“ஏட்டி, இது நம்ம கொத்துல்லா?” என்றாள்.

எங்கள் முந்திரிக்கொத்துதான். மாட்டுங்காவில் அதை வேறு யார் செய்யப்போகிறார்கள். எங்கள் அடுப்பில் பொரித்து, எங்கள் மாப்பிள்ளைக்கென்று நான் கொண்டுபோய்க் கொடுத்ததை, ஏழைக்கு இடுகிற தர்மமாக மேடையில் வைத்து, கைதட்டலோடு எனக்கே கொடுத்திருக்கிறார்கள். எது எங்கேயிருந்து வந்தது என்றுகூடப் பார்க்காமல் அள்ளிப் பையில் போட்டிருக்கிறார்கள். அம்மா அந்த ஒரு கொத்தை முழுசாகத் தின்று முடித்தாள். கீழே போட அவளுக்கு மனம் வரவில்லை. “பாகு நல்லாத்தான் வந்திருக்கு” என்றாள்.

மறுநாள் காலையில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். “பெரிய எடத்துச் சோலி. விட்டுத் தள்ளு” என்று அம்மா வாசல்வரை வந்து சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் பாதையைத் தாண்டி மாட்டுங்கா போய்ச் சேர்ந்தபோது மாமி கோலம் போட்டு முடித்துவிட்டுப் படியேறிக்கொண்டிருந்தார்.

“இது எங்க வீட்டுப் பலகாரம் மாமி” என்று பையை நீட்டினேன். “காஸாவுக்குக் குடுத்தேன். எனக்கே வந்திருக்கு.”

மாமி பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு வெட்கம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. தப்பு நடந்துவிட்டது என்பதுகூட அவருக்குப் படவில்லை. பையை மாற்றிக் கொடுத்துவிட்டோமே என்ற ஒரு சின்ன அசௌகரியம்தான் முகத்தில் தெரிந்தது.

“அடடா, ஒனக்கே வந்துடுத்தா. கோவிச்சுக்காதேம்மா. எங்க கமிட்டில ஒரு டாக்டர் மாமி இருக்கா. தாராவிலேர்ந்து வந்த பக்ஷணத்தை எல்லாம் கப்பல்ல அனுப்பப்படாது, சீக்கு கீக்கு வந்தா சங்கத்துக்குக் கெட்ட பேர்னு சொல்லிட்டா. கொட்டவும் மனசு வரல. ஏழைப்பட்டவாளுக்கு உதவுமேன்னுதான் பைல போட்டோம்.”

“காஸாவுக்குப் போனா சீக்கு வரும். எனக்குத் தந்தா வராதோ?”

மாமி அதை யோசித்திருக்கவே இல்லை, அதுதான் உண்மை. ஜவான் தின்றால் சீக்கு, ஜவானின் பெண்டாட்டி தின்றால் தர்மம். இதைக் கமிட்டி போட்டுப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமியின் மகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். எஞ்சினியரிங் படிக்கிறவன். என்னைப் பார்த்ததும் சட்டென்று நின்றான். எனக்கும் அவனைத் தெரிந்தது. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாத நாள்களில் அண்டாவை நான் கொண்டுபோவேன். பாலத்தடியில் நின்று ரெண்டாம் தடவை சட்னி கேட்டு வாங்குகிறவர்களில் இவனும் ஒருவன்.

“இது யாரு மாமி, உங்க பிள்ளையா?” என்று கேட்டேன். “எங்கம்ம கையால தெனமும் இட்டிலி திங்காவளே. இவுகளுக்கு ஏதாச்சும் சீக்கு வந்துச்சான்னு அந்த டாக்டர் மாமிகிட்ட காட்டுங்க.”

பையன் துண்டோடு அப்படியே உள்ளே போய்விட்டான். மாமிக்கு முகம் சிவந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். அதையும் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. எனக்கு வேட்டி ஞாபகம் வந்துவிட்டது.

“வேட்டி எங்க?”

“வேஷ்டி போயிடுத்தும்மா. துணிக்கு ஒண்ணும் தோஷமில்லைன்னு பொட்டலத்துல வச்சுட்டோம். நேத்தே எல்லாப் பெட்டியும் துறைமுகத்துக்குப் போயாச்சு.”

“அவுக பேரோடவா?”

மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “பேர்ச் சீட்டை எடுத்துட்டோம். ஒருத்தருக்கு மாத்திரம் பேர் போட்டு வந்தா மத்த பிள்ளைகள் மனசு என்னமா ஏங்கும், நீயே சொல்லு. எல்லாரும் நமக்கு ஒண்ணுதானே.”

“நீங்க சரின்னு சொல்லித்தான நான் மேடையில நின்னேன்.”

“சொன்னேன்தான். கமிட்டில ஒத்துக்கலையேம்மா.”

“உங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான் மாமி. உங்க வீட்டுலருந்து ஒருத்தரும் போவல. எனக்கு அங்க ஒரே ஒருத்தர்தான் இருக்காவ” என்றேன். அவர் முன்னால் அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. மாமிக்கு அப்போதுதான் இரக்கம் வந்தது. வேட்டி என்ன விலையோ கொடுத்துவிடுகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் அழுகை நின்றுபோனது. பையைப் புடவையோடு அவர் வாசலிலேயே வைத்துவிட்டு, முந்திரிக்கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

தீபாவளி வந்தது. எங்கள் வரிசையில் வெடி வெடித்தார்கள். அம்மா எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்திருப்பாரோ என்று கேட்டாள். பெயர்ச் சீட்டு கிழிபட்டதை அவளிடம் சொல்லியிருந்தேன். இருந்தாலும் கப்பலில் போனது எப்படியாவது அவர் கையில் போய் விழும் என்று அவள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். அவரிடமிருந்து வந்த கடிதத்தில் நலம், நலமறிய ஆவல், வெயில் அதிகம் என்று இருந்தது. வேட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த ஒருவர் என் மாமியார் சொன்னதையும் கொண்டு வந்தார். தலைத் தீபாவளிக்கு மகனுக்கு ஒரு முழத் துணிக்கு வழியில்லாத வீட்டில் போய் விழுந்தோமே என்று தெருவெல்லாம் சொல்கிறாராம். அம்மா அந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு இட்லிக்கு அரிசி களைய உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் அவருக்கு எழுதப்போகிறேன் என்று நான் குதித்தேன். “கண்காணாத தேசத்துல துவக்கோட நிக்கிற மனுசருக்கு இந்தச் சண்டைய எழுதுவியோ. வரட்டும், நேருல சொல்லிக்கிடலாம்” என்று அவள்தான் என்னை அடக்கினாள்.

அடுத்த வருஷம் கோடையில் அவர் வந்தார். கறுத்துப்போய், கன்னம் ஒட்டி, கையில் ஒரு ரேடியோப் பெட்டியோடு வந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார், அம்மாவை நலம் விசாரித்தார். ஆனால் அவரிடம் ஏதோ ஒரு விறைப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமியார் சொன்னது, மாட்டுங்கா கூடம், மேடை, பை, பெயர்ச் சீட்டு, ஒன்றையும் விடவில்லை. அம்மா அவருக்கு நேர் முகமாக வந்து பேசுகிற வழக்கம் இல்லை. சேலையைக் கட்டி மறைத்த தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் இருந்தாள்.

அவர், “மஞ்சள் வச்ச வேட்டியா?” என்று கேட்டார்.

“ஆமா. நாலு மூலையிலயும்.”

“பாத்தேன்” என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

“எனக்கு வந்த பொட்டலத்துல சோப்பும் சீட்டுக்கட்டும் கெடந்துச்சு. பக்கத்துக் கட்டில் பஞ்சாபிக்குத்தான் அந்த வேட்டி வந்துச்சு. தலைப்பாக்குப் பத்தாது, கறை வேற பட்டிருக்குன்னான். நான் மஞ்சளப் பாத்ததுமே கண்டுக்கிட்டேன், எவனோ ஒருத்தனுக்கு மாமியா வீட்டுச் சீருன்னு. எவனோ குடுத்து வச்சவன், நமக்குத்தான் ஒரு நாதியும் இல்லன்னு எனக்கு ஒரே ஆத்திரம். பஞ்சாபி அதத் துண்டு துண்டாக் கிழிச்சு எல்லாருக்கும் குடுத்தான். எங்க ஊருல கும்பிட்டு வாங்குற துணி, கிழிக்காதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. எனக்கும் ஒரு துண்டு தந்தான். அத வச்சுத்தான் வண்டி எஞ்சினத் தொடச்சேன்.”

அவர் தலை நிமிரவில்லை. அவரைக் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது, அந்தப் பஞ்சாபியைத்தான் என்ன சொல்ல முடியும். நான் சண்டை போட வேண்டியவர்கள் எல்லாம் அந்நேரம் மாட்டுங்காவில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த தீபாவளிக்கு யாரைத் தலைமை தாங்கக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் எனக்குச் சொல்வதுபோல வந்தது.

“ஏட்டி, அது நனைக்காத கோடில்லா, கஞ்சி போட்ட துணி. எண்ணெய இழுக்காது. மாப்பிளைக்குத் தொடைக்கக் கஷ்டமா இருந்துச்சான்னு கேளு.”